நடுவில் வந்தவள்

என் தங்க மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு மூலையில் நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே நன்றாகத்தான் இருப்பாய் என்று நானாகவே வைத்துக்கொண்டேன், ஐந்து வாரமாகக் கேட்டும் பதில் வராததால். உன் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவள் குட்டிக்குக் கீழே இரண்டு மேலே ஒன்று என்று மூன்று பல் முளைத்துவிட்டது, போன வாரம் வந்திருந்தபோது முதல் கடி தாத்தாவின் கட்டைவிரலுக்குத்தான், ஊருக்கெல்லாம் பல் கட்டித் தருகிறவருக்கு நல்ல மரியாதை. மாடித் தண்ணீர்த் தொட்டி கசிந்து உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன், உன் பெட்டியைத் திறக்கவில்லை. அக்காவுக்கு நீ அனுப்பிய போட்டோவை அவள் காட்டினாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாய் கண்ணா. லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது இடுப்பு பெல்ட்டை மாட்டுகிறாயா இல்லை, ஐந்து நிமிஷ வேலைதானே என்று அப்படியே இறங்குகிறாயா? எனக்குத் தெரியும் உன்னை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ எடுப்பதில்லை என்பது ஒன்று. இன்னொன்று, பேசினால் உன் குரல் எப்படி இருக்கிறது என்று பார்த்து நான் வார்த்தையை மாற்றிவிடுவேன். எழுதினால் அது முடியாது, அடித்தாலும் அடித்தது தெரியும். பத்தொன்பது வருஷமாக, நாம் பிழைக்க வந்த இந்த ஊர்க் கோர்ட்டில் ஒருவர் சொன்னதை இன்னொரு மொழியில் சொல்லிக் குப்பை கொட்டுகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் நானும் கெட்ட வார்த்தைதான் சொல்லவேண்டும், ஒரு தடவை நீதிபதியைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன், முகம் சிவந்துபோய். அப்படிப்பட்டவள் வீட்டு வாசற்படி ஏறினதும் என்ன செய்தேன் என்பது இப்போது உனக்கும் தெரியும் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் முழுக்கத் தெரியாது. அதைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன், பாதியில் மடித்துவைத்துவிடாதே.

நீ கோபத்தில் கடைசியாகச் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "அம்மா, இனிமே எங்க ரெண்டு பேர் விஷயத்துல நீ இன்டர்வீன் பண்ணாதே." அவ்வளவுதான், டொக்கென்று வைத்துவிட்டாய். தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவன் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏன் இங்கிலீஷுக்குப் போனாய் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். தலையிடாதே என்று சொல்ல மனசு வரவில்லையோ, அம்மாவை அடிக்கும்போதும் கையில் துணி சுற்றிக்கொண்டு அடித்தாயோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார், அங்கேயும் நான் உன் வார்த்தைக்குச் சர்க்கரை தடவுகிறேன். புத்தி அப்படி.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவன் நீதான். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கும்போது வரிசை மயிரிழை பிசகுவதையும், கட்டிக்கொண்டு போனவர்கள் ஈறு புண்ணாகித் திரும்பி வருவதையும் பார்த்துவிட்டு, சாயந்திரம் அவர் குளிக்கப் போன நேரத்தில் நீ உட்கார்ந்து சரி செய்துவைத்தாய். எட்டு மாசம் செய்தாய். எனக்குத் தெரியும், நான் காவல் காத்தேன். பல் டாக்டர் ஒருநாள் அவரிடமே வந்து, உங்க பையன் திருத்தின பல் செட் எல்லாம் அச்சா உக்காருதுன்னு பாராட்டப்போய் எல்லாம் உடைந்தது. அப்பா அன்றைக்குச் சத்தம் போடவில்லை. "என் கைக்குப் பின்னால கை வெக்கிறவன் எனக்கு வேணாம்" என்றார், அடுத்த மூன்றாவது மாசம் நீ விமானம் ஏறிவிட்டாய். அவர் வழியனுப்ப வரவில்லை, நீயும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம், வாராவாரம், நான். நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "அவர் பேச்சை எடுத்தா போனை வெச்சிடுவேன்" என்பாய். நான் நேராக முன்அறைக்குப் போய் அப்பாவிடம், உங்க முதுகுவலி எப்படி இருக்குன்னு கேட்டான் என்பேன். அவர் "என்கிட்ட அவன் கதையைச் சொல்லாதே" என்பார். அடுத்த வாரம் உன்னிடம், உன் பேச்சை எடுத்தாலே அப்பாவுக்குத் தொண்டை அடைக்குதுடா என்பேன். அந்த நீலக் குளிர்ச்சட்டையை அவர் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னேனே, கடைக்காரர் தேர்ந்தெடுத்தது. நீ அனுப்பியதாக நான் அவருக்குக் கொடுத்த கண்ணாடிக் கூடு என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்வதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் உன் பிறந்தநாளன்று பெரிதாக ஒன்றை அவிழ்த்துவிட்டேன், அப்பா உன்கிட்ட மன்னிப்பு கேட்டதா சொல்லச் சொன்னார் என்று. நீ அழுதாய். நீ அழுததைக் கேட்டு நானும் அழுதேன். நீ அதோடு விட்டிருக்கலாம், நல்ல பிள்ளையாக மறுநாளே அவர் போனுக்கு நேராகக் கூப்பிட்டு, மன்னிப்பெல்லாம் எதுக்குப்பா என்றாய். அவர் "நான் எங்கடா கேட்டேன்" என்றார். பதினோரு நிமிஷம் பேசினீர்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகுவலி, தொண்டை, சட்டை, கண்ணாடிக் கூடு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து இரண்டு பேரும் சரிபார்த்தீர்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பனும் பிள்ளையும் வாய் திறந்தது என்னைப் பற்றிக் குறை சொல்லத்தான், அந்த வகையில் என் முயற்சி வீண்போகவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தண்ணீர் வேண்டும் என்றால் அவரே எழுந்து எடுத்துக்கொள்வார், அதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நீ அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாய்.

இனி நீ அறியாதது. போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு விபத்து வழக்கு. பெரிய சலவை ஆலையில் துணி அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வலது கையில் மூன்று விரல் இல்லை. இயந்திரத்தில் தடுப்பு சரியாக இல்லையா அல்லது இவள் அஜாக்கிரதையா என்பதுதான் வழக்கு. அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. காலையிலிருந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றே கால் இருக்கும், காலடியில் வைத்திருந்த பையில் போன் உறுமியது. எடுக்கக் கூடாது, தெரியும். ஆனால் நீயாக இருக்குமோ என்று மனசு ஒரு நொடி பைக்குள் போய்விட்டது. அந்த நொடியில் அவள், "துணி சுருண்டுக்கிச்சு, கை உள்ள போயிடுச்சு" என்றாள். நான் இங்கிலீஷில் அவள் கையை உள்ளே விட்டதாகச் சொல்லிவிட்டேன். போனது வேறு, விட்டது வேறு. அந்த வழக்கே அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஆலை பக்கத்து வக்கீல் எழுந்து நின்ற விதத்திலேயே எனக்கு ஏதோ உறைத்தது. ஆக நீங்களேதான் கையை விட்டீர்கள் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நான் எங்கம்மா விட்டேன்? போயிடுச்சுன்னுதானே சொன்னேன்" என்றாள். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், இந்தத் தடவை ஒழுங்காக. உடனே வக்கீல் நீதிபதியிடம் திரும்பி, கவனியுங்கள், சாட்சி ஒரு நிமிஷத்துக்குள் பேச்சை மாற்றுகிறார் என்றார். நீதிபதி, நடுத்தர வயதுப் பெண்மணி, பேனாவை எடுத்து எழுதினார். அவர் எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை கண்ணா. அவள் பொய் சொல்கிறாள் என்று எழுதிக்கொள்வார்கள், நான் என் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பத்தொன்பது வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. இரண்டு மூச்சு விட்டேன், மூன்றாவது வரவில்லை. கையைத் தூக்கினேன்.

எங்கள் வேலையில் அதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது. என்னைப் பற்றி நானே மூன்றாம் ஆளாகச் சொல்லவேண்டும், மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட அனுமதி கோருகிறார் என்று. இங்கிலீஷில் சொல்லும்போது அந்தக் குறுக்கிடுவதற்கு வரும் சொல் நீ சொன்ன அதே இன்டர்வீன்தான். சாட்சி முணுமுணுத்தால், கார் சத்தத்தில் கேட்காமல்போனால், மாசத்துக்குப் பத்துத் தடவை சொல்வேன். என் தப்பைச் சொல்ல அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வந்தபோது உன் குரலும் சேர்ந்து வந்தது. நீதிபதி, சொல்லுங்கள் என்றார். சாட்சி சொன்னது சரி, மொழிபெயர்ப்பாளர் சொன்னது தவறு, கை தானாகப் போனது என்பதுதான் அவர் வாக்கு என்றேன். அறை முழுக்க என்னைப் பார்த்தது. வக்கீல் விடுவாரா, இது தவறென்றால் காலையிலிருந்து சொன்னதில் எத்தனை தவறோ, மொத்தச் சாட்சியத்தையும் தள்ளுங்கள் என்று குதித்தார். நீதிபதி வழக்கை நிறுத்தி, ஒலிப்பதிவை இன்னொரு மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொல்லட்டும், அதுவரை நான் நூலக அறையில் காத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். கேட்க வந்தது எங்கள் குடைக்காரர், வெயிலோ மழையோ கக்கத்தில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என்னைக் கடந்து போகும்போது பெருமூச்சு விட்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நூலக அறையில் மூன்று மணி நேரம். போனை எடுத்துப் பார்த்தேன், கூப்பிட்டது தண்ணீர்த் தொட்டி பழுது பார்க்கிறவர். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அலமாரியில் செங்கல் மாதிரி இருந்த அகராதியை இறக்கி நீ சொன்ன வார்த்தையைத் தேடினேன். தினம் சொல்கிற வார்த்தை, ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. லத்தீனிலிருந்து வந்ததாம். முன்பாதிக்கு நடுவில் என்று அர்த்தம், பின்பாதிக்கு வருவது என்று அர்த்தம். அவ்வளவுதான். நடுவில் வருவது. நல்லதாகவா கெட்டதாகவா என்று அந்த வார்த்தை சொல்லவே இல்லை. கீழே உதாரணங்கள் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் சண்டையில் விலக்கிவிட வருகிறவனுக்கும் அதுதான், தனக்குச் சம்பந்தமில்லாத வழக்கில் என் பங்கும் இதில் இருக்கிறது என்று மனுப்போட்டு உள்ளே வருகிறவனுக்கும் அதுதான். ஆள்தான் வரவேண்டும் என்றும் இல்லையாம், இரண்டு ஊருக்கு நடுவே இருக்கிற மலைக்கும், இரண்டு சந்திப்புக்கு நடுவே ஓடிப்போன வருஷங்களுக்கும் அதே வார்த்தையைச் சொல்லலாமாம். அதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் எனக்கு முன்னாலேயே ஒரு கடலும் இரண்டு வருஷமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று.

சந்தோஷம் நீடிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பினால் அதன் சொந்தக்காரி ஒருத்தி, இன்டர்ஃபியர். அவள் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவள், ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொள்வது என்பது மூலமாம். இங்கிலீஷில் முதலில் குதிரைக்குத்தான் சொன்னார்களாம், நடக்கும்போது ஒரு கால் குளம்பு இன்னொரு காலில் இடித்துக் காயமாக்குமே, அதற்கு. வேண்டுமென்று இடிப்பதில்லை பாவம், தன் கால்தான், தன் நடைதான். இன்டர்சீட் என்று இன்னொன்றும் இருந்தது, ஒருவருக்காகப் பரிந்து பேசப் போவதற்கு, அதன் பின்பாதிக்குப் போவது என்றும் விட்டுக்கொடுப்பது என்றும் இரண்டு அர்த்தம். நம் மொழியில் இந்த வேலைக்கு என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். தலையிடுவது, மூக்கை நுழைப்பது, குறுக்கே விழுவது. தமிழில் நடுவே போகிறவள் ஏதாவது ஒரு உறுப்பையாவது பணயம் வைக்கவேண்டியிருக்கிறது. நான் வந்தது எந்தக் கணக்கில் சேரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் வந்தேனா, காலில் இடித்தேனா, பரிந்து பேசினேனா? பரிந்து பேசினேன் என்று முடிவு கட்டி அகராதியை மூடினேன். அம்மா தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்வதில் கெட்டிக்காரி.

மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். குடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவள் சொன்ன வார்த்தையைப் பதிவில் திருத்தினார்கள். என்னை அந்த வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், என் மேல் விசாரணை முடியும்வரை ஆறு வாரம் வேறு வழக்கும் கிடையாது. சரிதான் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. சாட்சியோடு பேசக் கூடாது என்பது விதி, கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். மனசுக்குள் ஒரு சின்ன ஆசை, நன்றி சொல்வாள் என்று. அவள் எழுந்து நின்று, "என் வாயில வராததை என் வாயில வெச்சிட்டீங்களேம்மா" என்றாள். "திருத்தினீங்க, சரி. ஆனா அந்த வக்கீல் என்னைப் பொய்க்காரின்னு பாத்தான் பாருங்க, அதை எப்படித் திருத்துவீங்க? நான் கஷ்டப்பட்டுச் சேத்து வெச்சு சொன்ன வார்த்தைம்மா அது." அவள் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது கோர்ட்டைப் பற்றி. எனக்குக் கேட்டது நம் வீட்டைப் பற்றி. நீயும் அப்பாவும் கோபத்தைக்கூட யோசித்துத்தான் சொல்லியிருப்பீர்கள், அது உங்கள் கோபம், அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு என் ஆசையை உங்கள் வாயில் வைத்திருக்கிறேன். பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்அறையில் மெருகேற்றும் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. எடுத்துவிட்டார்கள் என்று சொன்னதும் மோட்டாரை நிறுத்தினார். "ஆறு வாரமா?" என்றார். ஐந்து வாரத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. ஆமாம் என்றேன். "உக்காரு" என்றார். பிளாஸ்டர் தூசி படிந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்புறம், அவர் கேட்காமலே, நீ உண்மையில் வாராவாரம் என்ன சொன்னாய் என்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு மறக்காது கண்ணா, அது என் தொழில். போனை வைத்துவிடுவேன் என்றது, அவருக்கு என் மேல் அக்கறை இருந்தா விமான நிலையத்துக்கு வந்திருப்பார் என்றது, எல்லாம். அவர் கையில் இருந்த பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "முதுகைப் பத்தி ஒரு தடவைகூடக் கேக்கலையா?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார்.

அப்போதும் என் கையிருப்பில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. போன வருஷம், மழைக்காலத்தில், நீ வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தி, "அவர் கை இன்னும் நடுங்குதாம்மா?" என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? நான் இல்லடா, மாத்திரையில சரியாப் போச்சு என்றேன். சரியாகவில்லை கண்ணா. அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது, இப்போது வாரத்துக்கு இரண்டு செட்டுக்கு மேல் எடுப்பதில்லை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். டாக்டர் உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நிற்காது என்று சொல்லிவிட்டார். உனக்குத் தெரிந்தால் அங்கே தூக்கம் கெடும் என்று உன்னிடம் மறைத்தேன். நீ கேட்டதாக அவரிடம் சொன்னால் அந்தப் பழைய புண்ணைக் கிளறினதுபோல் ஆகுமே என்று அவரிடமும் சொல்லவில்லை. கேட்காத முதுகுவலியை எல்லாம் சுமந்துகொண்டு போனவள், நீ நெஞ்சிலிருந்து கேட்ட ஒரே ஒரு கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அதை அன்றைக்குச் சொன்னேன். அப்பா செட்டை மேசையில் வைத்தார். "எப்போ கேட்டான்?" என்றார். சொன்னேன். "என்ன வார்த்தைல கேட்டான்?" அதையும் சொன்னேன், நீ நடுவில் ஒரு நொடி நிறுத்தினதையும் சேர்த்து. எழுந்து போய்க் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். அன்றைக்குச் சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்து, "நீயும் போட்டுக்கோ" என்றார்.

அது செவ்வாய். இன்று சனி. காலையில் நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு எதிரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அவனுக்கா?" ஆமாம். "நான் சொல்றதை எழுதுவியா? கூட்டாம கொறைக்காம?" சத்தியம் செய்யட்டுமா என்றேன். "வேணாம், எழுது" என்றார். இனி வருவது அவர் வாய்ச்சொல், ஒரு புள்ளி என்னுடையது கிடையாது. "கை நடுங்குறது நெஜம். இப்ப ஜாஸ்தி. அவன் திருத்தினதெல்லாம் சரியாத்தான் இருந்துது, அதை நான் அன்னிக்கே பாத்துட்டேன், அதான் அவ்வளவு கோவம் வந்துது. ஆனா எனக்குத் தெரியாம செஞ்சது தப்பு. என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், கத்தினா என்ன? அதுக்கு நான் மன்னிப்பு கேக்கமாட்டேன். விமான நிலையத்துக்கு வராததுக்கு வேணா கேக்கலாம், அதையும் லெட்டர்ல கேக்கமாட்டேன். வர்ற மாசம் மொத ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நானே கூப்பிடுவேன். எடுத்தா எடுக்கட்டும்." அவ்வளவுதான். கடைசி வரியைக் கொஞ்சம் மென்மையாக்க எனக்குக் கை துடித்தது. எழுதினதை வாசித்துக் காட்டினேன், சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து மணி என்றால் உனக்கு எத்தனை மணி என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் பேசும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்றுகூடக் கேட்கமாட்டேன். நீ எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம். எடுத்தால் உனக்கு இருக்கிற கோபத்தை அப்படியே சொல், என் முகத்துக்காகப் பூசி மெழுகவேண்டாம். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை, என் வாயிலிருந்தே வருவது. எனக்கு நீ எப்போது பேசவேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது பேசு, நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன், வேறு சரக்கு என்னிடம் இனி இல்லை. இடுப்பு பெல்ட்டை மறக்காதே. குளிர் நாளில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே. நீ போகிற உயரமெல்லாம் பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கவேண்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கவேண்டும், நூறு வயது நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா வந்து நிற்கிறார். என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கவில்லை, அடியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். இருக்கிறது என்றேன். பேனாவைக் கொடுத்துவிட்டு நான் வெளியே போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இரண்டு கையாலும் பிடித்து எழுதுவார்.

பத்து மணி வேண்டாம். அப்போது உனக்கு விடியற்காலை நாலு. தூங்கு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு எட்டு. அப்பா.